கூரையில்லாத கூடாரம்

குன்னூரை அடுத்த வெலிங்டனில் பட்டாளத்துச் சாமான் கிடங்கு ஒன்றில் நான் சிவிலியன் குமாஸ்தா. பதினோரு வருடம் கூடாரங்களை வரவு வைத்தேன், வெளியே அனுப்பினேன், கிழிந்ததைக் கழித்தேன். எல்லாம் பேரேட்டில்தான். ஒரு கூடாரம் மண்ணில் எழுந்து நிற்பதை ஒருமுறைகூடப் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. கிடங்கில் அவை எப்போதும் சுருண்டுதான் கிடந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் அவற்றின் மேல் அப்படித்தான் கிடந்தேன்.

வீட்டுக்கு வந்தால் மட்டும் நான் தளபதி. "நாங்க டென்ட் அடிச்சா புயலே சுத்திக்கிட்டுத்தான் போகும்" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அளந்துவிட்டேன். அதை ஒருத்தி நம்பினாள். என் மகள். வயது பத்து. அந்த ஜூனில் கோயம்புத்தூர்ப் பள்ளி ஒன்றின் ஹாஸ்டலில் சேரப்போகிறவள். ஊருக்குப் போகும் பிள்ளை என்று புதுத் துணி வாங்கித் தருவதாகச் சொன்னோம். அவள் வேறு கேட்டாள்.

"போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ராத்திரி டென்ட்ல படுக்கோணும்ப்பா. மூணு பேரும்."

ஜூன் பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். ஆகவே ஆபீஸுக்கு லீவான மே மாதத்து இரண்டாம் சனியும் அதை ஒட்டிய ஞாயிறும்தான் எங்களுக்கு மிச்சம். அன்றிலிருந்து கேள்விகள் ஆரம்பித்தன. டென்ட்டுக்கு ஜன்னல் உண்டா? எறும்பு எந்தப் பக்கமாக உள்ளே வரும்? காற்றடித்தால் டென்ட் மட்டும் பறக்குமா, நாமும் சேர்ந்து பறப்போமா? நான் ஒவ்வொன்றுக்கும் அந்த நிமிடமே பதில் தயாரித்துச் சூடாகப் பரிமாறினேன்.

"பாத்ரூம் எங்கப்பா இருக்கும்?"

"அது... அங்க போய்ப் பாத்துக்கலாம் கண்ணு."

உண்மையில் எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. துணிக்குக் கீழே படுத்தால் வெளிச்சம் எந்த நிறத்தில் இருக்கும்? பனி உள்ளே வருமா, வாசலில் நிற்குமா? பேரேட்டில் இதற்கெல்லாம் பத்தி கிடையாது.

ஊட்டிப் பக்கம் சுற்றுலாக்காரர்களுக்கு டென்ட் வாடகைக்குக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்தேன். அந்த வாடகைக்குக் கூரையும் கட்டிலும் வெந்நீரும் உள்ள லாட்ஜே கிடைக்கும். குறைந்த செலவில் கஷ்டப்படலாம் என்று கிளம்பியவனுக்கு, கஷ்டம்தான் விலை அதிகம் என்று தெரியவந்தது. எனவே எல்லாவற்றையும் நானே ஏற்பாடு செய்ய முடிவெடுத்தேன். அதாவது, ஆபீஸ் வழக்கப்படி தேவைப் பட்டியல் ஒன்றைக் கார்பன் தாள் வைத்து நான்கு பிரதி எழுதினேன். மனைவி ஒரு பிரதியை வாங்கிப் படித்தாள்.

"ஏனுங்க, உப்பு ஒரு பொட்டணம்னு எழுதி அதுக்கு எதிர்ல கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கீங்க. உப்ப நான் யாருக்குங்க ஒப்படைக்கோணும்?"

அடுத்து இடம். காட்டுக்குள் தங்க அனுமதி கிடைக்காது. ஊட்டிக்கு அந்தப் பக்கம், காட்டை ஒட்டிய ஸ்ரீமதுரையில் மனைவியின் அண்ணன் வாழையும் இஞ்சியும் போட்டிருந்தார். டெலிபோன் பூத்திலிருந்து அவரைக் கூப்பிட்டு, வெளியே படுக்க இடம் வேண்டும் என்றேன்.

"ஏன் மாப்ள, ஊட்டுல ஏதாச்சும் சண்டையா?"

"இல்லைங்க மச்சான், குடும்பத்தோடதான்."

"குடும்பத்தோடவா! இங்க ராத்திரி காவலுக்கு வெளிய படுக்க ஆள் கெடைக்காம நான் அல்லாடறேன். நீங்க பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்து படுக்கறீங்களா? சரி வாங்க. ஆனா தோட்டத்துல வேண்டாம். பலா பழுக்கற காலம், வாசனைக்கு ஆனை வந்துரும். வாசல்லயே அடிச்சுக்குங்க. ஊட்டோரத்து மரத்துல இருக்கற காயெல்லாம் நான் முன்னாலயே வெட்டி எறக்கிப்போடறேன்."

"அண்ணன் வாசல்ல படுக்கறதுக்குப் பேரு கேம்ப்பா?" என்றாள் மனைவி. மகள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆனை வர்ற வாசல்னா கேம்ப்தான்மா."

மிச்சம் இருந்தது கூடாரம். குன்னூர் மார்க்கெட்டில் பட்டாளம் கழித்துப்போட்ட சாமான்களை விற்கும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் பெரிய மூட்டைகளைக் காட்டினார். நான் அவரைக் கையமர்த்திவிட்டு, மூட்டைகளின் மேல் குத்தியிருந்த எண்களை மட்டும் படித்துக்கொண்டே நடந்தேன். ஓரத்தில் சின்னதாக ஒன்று, மடிப்புக்கூடக் கலையாமல் கிடந்தது. எண்ணைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. கூடாரப் பேரேட்டில் நாற்பதாம் பக்கம். என் கையால் எத்தனை முறை எழுதியிருப்பேன்! எங்கள் பேரேட்டில் எண் மட்டும்தான், பெயர் கிடையாது. பிரித்துப் பார்க்கச் சொன்னார் கடைக்காரர். "எனக்கேவா?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். அவர் ஏன் சிரித்தார் என்று நான் அப்போது ஆராயவில்லை.

போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, குவார்ட்டர்ஸுக்கு முன்னால் ஒத்திகை. நான்கு கம்பு நட்டோம். துணியைச் சுற்றினோம். ஆளுயரத்துக்கு நான்கு பக்கமும் சுவர் அருமையாக எழுந்தது. மகள் உள்ளே ஓடினாள்.

"அப்பா, மேல எப்ப மூடுவீங்க?"

மூட்டையை உதறினேன். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். மேலே போடுவதற்கு ஒன்றும் விழவில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் வரிசைக் கடைசி வீட்டில் மகனோடு இருந்த ஓய்வுபெற்ற சுபேதார் கைத்தடியோடு வந்து, துணியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு நேராக நின்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"தம்பி, முப்பது வருசம் சர்வீஸ்ல இதுக்குள்ள நான் எத்தனையோ தடவ போயிருக்கேன். ஆனா படுத்ததில்ல."

"ஏனுங்க?"

"இது கக்கூஸ் மறைப்பு. நடுவுல குழி வெட்டுவோம். சுத்தி இதக் கட்டுவோம். அதுக்கு எதுக்குக் கூரை?"

வரிசை முழுவதும் சன்னல்கள் திறந்தன. மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. நானும் சிரித்துப் பார்த்தேன். மகள் சிரிக்கவில்லை. சுவருக்குள் நின்றபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த வருசம் நல்லதா ஒண்ணு வாங்கிருவோம் கண்ணு" என்றேன்.

"அடுத்த வருசம் நான் இங்க இருக்க மாட்டேனேப்பா."

அத்தோடு வரிசையின் சிரிப்பு நின்றது. மனைவி எழுந்து உள்ளே போனாள். விறகு மூடி வைத்திருந்த நீலத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் பிறந்தது தேவாலா எஸ்டேட்டில். வருடத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊர். அங்கே பிள்ளைகள் நடை பழகுவதற்கு முன்பே கூரைக்குத் தார்ப்பாய் கட்டப் பழகுவார்கள் போல. ஒரு மூலையில் சின்னக் கூழாங்கல்லை வைத்துச் சுருட்டி, அதன் கழுத்தில் கயிற்றை இறுக்கினாள்.

"ஓட்டை போட்டுக் கட்டுனா காத்துல கிழிஞ்சிரும். இப்படிக் கட்டுனா கிழியாது. அக்கட்ட நகருங்க, நீங்க கணக்கு எழுதறவரு."

சுபேதார் இரண்டாவது சல்யூட்டை அவளுக்கு வைத்தார். மறைப்பு இதுவரை யாருக்கும் பயன்பட்டதில்லை என்று நான் எவ்வளவோ சொல்லியும், இரண்டு நாள் சலவை சோடாவில் ஊறவைத்த பிறகே அவள் அதைப் பையில் எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை மதியம் ஸ்ரீமதுரை வாசலில் அது எழுந்து நின்றது. மச்சான் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, சாமர்த்தியமாக எங்கேயோ போய்ச் சிரித்துவிட்டு வந்தார். நான்கு மணிக்குக் கோடைமழை பிடித்தது. மூவரும் உள்ளே பாய்ந்தோம். ஒரே ஒரு ஆளுடைய தேவைக்காகத் தைத்த இடம் அது. மகளும் மனைவியும் ஒடுங்கிப் படுத்ததும் நிறைந்துவிட்டது. நான் இடுப்புவரை உள்ளே, மிச்சம் வெளியே. முழங்காலுக்குக் குடை.

"காலை உள்ள இழுத்துக்கங்கப்பா."

"இழுத்தா தலை அந்தப் பக்கம் வெளிய வந்துரும் கண்ணு."

உள்ளே வெளிச்சம் நீலமாக இருந்தது. எறும்புகள் என் பக்கமாக வந்தன. மழைச் சத்தத்தில் மகள் அம்மாவின் காதோடு பேசினாள். இத்தனை நாள் எங்களிடம் கேட்ட ஆயிரம் கேள்விகளில் ஹாஸ்டலைப் பற்றி ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அங்க ராத்திரி பயமா இருந்தா யாரம்மா எழுப்பறது?"

"பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கற புள்ளைய எழுப்பு. அவளும் முழிச்சுக்கிட்டுத்தான் கெடப்பா."

"அவ யாருன்னே எனக்குத் தெரியாதே."

"எழுப்புனா தெரிஞ்சுட்டுப் போகுது."

பிறகு அடுத்த கேள்வி. அதற்கடுத்தது. துணி துவைப்பது யார், லெட்டரை யாராவது பிரித்துப் படிப்பார்களா, அழுதால் திட்டுவார்களா. நான் ஒன்றுக்கும் பதில் தயாரிக்கவில்லை. ஈரக் காலோடு கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

மச்சான் பால் விடாத கட்டன்காப்பித் தம்ளர்களோடு வந்து என் முழங்காலிடம் சொன்னார்: "மாப்ள, மழ நின்னு அரை மணி நேரமாச்சு. எல்லாரும் வெளிய வாங்க."

உள்ளேயிருந்து மகள் சொன்னாள்: "இன்னும் கேக்க வேண்டியது இருக்குது மாமா."