குருவிக்குச் சோறு வைத்த சிரட்டை

ரப்பர் தோட்டத்து மலை ஓரத்தில் இருக்கும் முன்பள்ளியில் நான் டீச்சர். பறவைகளுக்குச் சோறு வைக்க ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டை கேட்டதும், பிள்ளைகள் மறுநாளே கொண்டு வந்துவிட்டார்கள். தோட்டத்தில் சிரட்டைக்கா பஞ்சம்? கம்பியைச் சுட்டு நான் ஓட்டை போட்டேன். அவர்கள் சாயம் பூசினார்கள். சிரட்டையைவிடச் சட்டையில்தான் அதிகம் பூசினார்கள். கயிறு கோத்துக் கொய்யா மரத்தில் தொங்கவிட்டு, பகல் சோற்றில் கொஞ்சம் வைத்தோம்.

ஒரு குருவியும் வரவில்லை. எப்படி வரும்? மரத்தடி சந்தைக்கடையாக இருந்தது. "வா குருவி, வா!" என்று எல்லாரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். "வாயை மூடினாத்தான் வரும்!" என்று நான் அவர்களைவிடச் சத்தமாகக் கத்தினேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு.

மற்றவர்கள் விளையாட ஓடிய பிறகும் நாலு வயதுப் பிள்ளை ஒருத்தி மட்டும் நகரவில்லை.

"நான் வச்ச சோறு குருவிக்குப் பிடிக்கலையா டீச்சர்?"

பார்க்கவே பாவமாக இருந்தது. நாளைக்கு வரும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை அவளுடைய அம்மா, ரப்பர் பால் வெட்டி முடித்த கையோடு, கத்தியும் கையுமாக வந்து நின்றார்.

"டீச்சர், நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாமே? மரத்துல கவுத்து வச்ச பால் பிடிக்கிற சிரட்டையை எல்லாம் நிமித்தி சோறு போட்டு வச்சிருக்கா! பாலுல சோறு விழுந்தா கங்காணி கீழ ஊத்தச் சொல்லுவாரு. நான் மரம் வெட்டுறதா, சிரட்டை தொடைக்கிறதா? ராத்திரிச் சோறு ஏன் பத்தலன்னு இப்பத்தான் வெளங்குது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் முறைத்தார். என் பின்னால் ஒளிந்திருந்த பிள்ளை தலையை நீட்டினாள்.

"அங்கதான் குருவி நெறய இருக்கு டீச்சர். சிரட்டையும் முன்னாடியே கட்டி இருக்கு."

இவ்வளவு யோசனை எனக்கு வரவில்லையே.

திட்டு விழுந்ததே அவளுக்கு உறைக்கவில்லை. அம்மாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"குருவி சாப்பிட்டுச்சாம்மா?"

அம்மா ஏச வாயைத் திறந்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் கோபம் இறங்கிவிட்டது.

"சிரட்டை தொடைக்கக் கடைசி மரத்துக்கு விடிஞ்ச பெறகுதான் போனேன்," என்றார் மெதுவாக. "அந்தச் சிரட்டையில மட்டும் ஒரு பருக்கை இல்ல. மைனா ஒண்ணு கெளையில ஒக்காந்து வாயைத் தொடச்சுக்கிட்டு இருந்துச்சு."

பிள்ளை குதித்த குதியில் பக்கத்திலிருந்த சாய டப்பா கவிழ்ந்தது. நான் ஏசவில்லை. எனக்கும் அவ்வளவு சந்தோசம்.

போகும்போது அம்மா திரும்பிப் பார்த்தார். "அது பால் நின்னுபோன மரம் டீச்சர். நான் அதுல கத்தி வைக்கிறதில்ல. சிரட்டை சும்மாதான் கெடக்கு. அதுல மட்டும் வைக்கட்டும்."

இப்போது பிள்ளை வைப்பதில்லை. விடியற்காலையில் அம்மாவே தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, முதல் பிடியை அந்த மரத்தில் வைத்துவிட்டுத்தான் வெட்டப் போகிறார். கேட்டால், "வைக்கலன்னா மைனா ஏசுது டீச்சர்," என்கிறார்.