எருதின் வாயில் வந்த நாற்றம்

என் ஈறுகளில் நோய் இருக்கிறது என்று முதலில் சொன்னவர் வைத்தியர் அல்ல. ஒரு மயிலைக் காளையின் சொந்தக்காரர்.

நான் மாட்டுத் தரகன். மூன்றாவது பாரம் (எட்டாம் வகுப்பு) வரை படித்துவிட்டு, எழுத்தை விட்டு எருதுகளின் பின்னால் போனவன். நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துச் சந்தைகளில் எருதின் கீழ்த்தாடையை இறக்கி, முன்பல்லைப் பார்த்து வயது சொல்வது என் பிழைப்பு. கன்றின் பால்பல் விழுந்து பெரிய பல் இரண்டு முளைத்தால் 'ரெண்டு பல்' என்போம். பிறகு நாலு, ஆறு. எட்டும் நிறைந்துவிட்டால் 'கடை சேர்ந்தது' என்போம். அதன்பின் தேய்மானத்தை வைத்துத்தான் வயது. பல் ஆடத் தொடங்கிய மாட்டைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அது அடிமாடு, கசாப்புக்குப் போகிற வழியில் நிற்பது.

இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்கு முன்பு ஒரு கோடையில், சாம்பல் பூத்த அந்த மயிலைக் காளையின் வாயைத் திறந்து குனிந்தேன். அழுகின நாற்றம் முகத்தில் அடித்தது. கோமாரி (மாட்டின் வாயிலும் குளம்பிலும் புண் வரும் நோய்) என்று நினைத்தேன். வாங்க வந்தவரிடம், "வேண்டாமுங்க, வாய் கெட்டுப்போச்சு" என்றேன். அவர் கயிற்றை விட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்.

காளைக்காரர் கோபப்படவில்லை. தானே அதன் வாயைப் பிளந்து மோந்து பார்த்தார். பிறகு என் முகத்துக்குக் கிட்டே வந்தார்.

"தரகரே, என்ற எருது வாயில சோளத்தட்டு வாசந்தானுங்க அடிக்குது. நாத்தம் உங்க வாயிலீங்க. தப்பா நெனைக்காதீங்க, போயி வைத்தியம் பாருங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். நல்ல எருதின் மேல் இல்லாத பழியைப் போட்டுவிட்டேனே என்ற வெட்கம் ஒரு பக்கம். என் வாய் இப்படி ஆனது எனக்கே தெரியவில்லையே என்ற பயம் மறுபக்கம்.

தெரியவில்லை என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. சில வருஷங்களாகவே வேப்பங்குச்சி சிவந்து வரும். கொய்யாவைக் கடித்தால் கடித்த இடத்தில் ரத்தம் நிற்கும். புண்ணான இடத்தைச் சீண்டக்கூடாது என்று வளர்ந்தவன் நான். ரத்தம் வந்த பக்கம் குச்சி வைப்பதை நிறுத்திவிட்டேன். அந்தப் பக்கத்தில் புகையிலையை அடக்கிக்கொண்டால் வலி மரத்துப்போகும். இதைப் படிக்கும் உங்களில் யாராவது இதையே செய்துகொண்டிருந்தால், அது வைத்தியம் அல்ல, நோய்க்குப் போர்த்திவிடும் போர்வை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சந்தையில் அவமானப்பட்டதற்கு அடுத்த மாதம் தாடை வீங்கியது. என் மனைவி பாவாயியின் தம்பி ராமசாமி, சுற்று வட்டாரத்தில் மாட்டுக்குச் சூடு வைப்பதில் பேர்போனவன். தொடைச் சப்பை வீங்கினாலும் தோள் கட்டினாலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியோடு வந்துவிடுவான். என் தாடையை அமுக்கிப் பார்த்தான்.

"வாயு எறங்கி நிக்குதுங்க மச்சான். ஒரு இழுப்பு இழுத்தாப் போதும். எருதுக்குக் கேக்குது, உங்களுக்குக் கேக்காதா?"

"நல்ல மாட்டுக்கு ஒரு சூடுதான்டா. ரெண்டாவதுக்கு வராதே" என்று சிரித்துக்கொண்டே கன்னத்தைக் காட்டினேன். கம்பி பட்டதும் சிரிப்பு அந்த இடத்தோடு நின்றது. அவனைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் அதில் நம்பிக்கை இருந்தது; நானே எத்தனையோ எருதுகளுக்குக் கம்பி காய்ச்சிக் கொடுத்தவன்.

மறுநாள் காலையில் வாய்க்குள் சீழ் உடைந்து வீக்கம் வடிந்தது. சூடு வேலை செய்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னேன். சீழ் தானாகவே உடைகிற பதத்தில் இருந்தது என்பதைப் பிற்பாடு ஒரு டாக்டர் சொல்லித்தான் அறிந்தேன். கன்னத்தில் தழும்பு மிஞ்சியது. உள்ளே நோய் தன் வேலையைத் தொடர்ந்தது.

கீழ் முன்பற்கள் ஆடத் தொடங்கின. நாக்கு சும்மா இருக்காது. பேசாத நேரமெல்லாம் அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருக்கும். நிலக்கடலையை விட்டேன். கம்மஞ்சோற்றை மோரில் கரைத்துக் குடித்தேன். பாவாயி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் சோறு போடும்போது முகத்தை ஒருக்களித்துக்கொள்வாள். படுக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். கம்பியைவிட அதுதான் என்னைச் சுட்டது. நாற்பது வயதுதான் ஆகியிருந்தது. அதற்குள் என் கணக்குப்படி நானே அடிமாடு.

கடைசியில் வாயைத் திறந்தவள் அவள்தான்.

"ஏனுங்க, மாட்டுக்கு ஒண்ணுன்னா அந்தண்ட ஊருக்கே ஓடறீங்க. உங்களுக்குன்னா ஊட்டுலயே சூடு வெச்சுக்கறீங்க. சேலத்துல பல்லுக்குன்னே படிச்ச டாக்டரு இருக்காராமுங்க. நானும் வாரேன், போலாமுங்க."

அஸ்தம்பட்டியில் ஏற்காடு போகிற சாலையை ஒட்டி இருந்தது அந்த டாக்டரின் வீடு. முன் அறையில் சாய்வான ஒரு நாற்காலி. அவர் கட்டைவிரலை என் உதட்டின் மேல் வைத்துக் கீழ்த்தாடையை இறக்கினார். நான் எருதுக்குச் செய்வதை அப்படியே எனக்குச் செய்தார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து கொடுத்தவனுக்கு அதைத் தவிர வேறு வேலை இல்லை.

"புகையிலை எத்தனை வருஷமா?" என்று கேட்டார். பிறகு மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டார். அது எங்கோ கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கிக்கொண்டே போனது.

"இதுக்குப் பேரு பயோரியா. உங்க பல்லுல சொத்தையே இல்ல. பந்தல்கால் நல்லாத்தான் இருக்கு, நட்ட மண்ணுதான் கரைஞ்சிருக்கு."

பயோரியா (ஈறில் சீழ் பிடித்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரையும் நோய்) எப்படி வந்தது என்றும் சொன்னார். துலக்காத இடத்தில் அழுக்கு படிந்து, காரையாக (கல் போல் இறுகிய படிவம்) மாறுகிறது. அது ஈறைப் பல்லிலிருந்து பிரித்துவிடுகிறது. பிரிந்த சந்தில் இன்னும் அழுக்கு சேர்கிறது. ரத்தம் வருவதால் நான் தொடாமல் விட்டேன். தொடாமல் விட்டதால்தான் ரத்தம் வந்தது. இது விளங்கியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எல்லாப் பல்லையும் எடுத்துடணும்னு சொல்ற டாக்டருங்களும் உண்டு. எடுத்துட்டா தொல்லை விட்டுது. என்ன சொல்றீங்க?"

"எல்லாத்தையும் எடுத்துட்டா அப்பறம் என்னைய எந்தச் சந்தைக்குங்க ஓட்டறது?" என்றேன்.

டாக்டருக்கு அது புரியவில்லை. பாவாயிக்குப் புரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் நல்ல மனிதர். கீழ் முன்பற்கள் நான்கை மட்டும் எடுத்துவிட்டு, மற்றவற்றுக்குப் போராடிப் பார்க்கலாம் என்றார். மாட்டுக்கு மேலே முன்பல் கிடையாது. கீழ் முன்பற்கள்தான் அதன் வயதும் விலையும். எனக்கும் அந்த இடத்தையே காலி செய்தார்.

மரப்பு ஊசி போட்டுப் பிடுங்கியது பெரிய வலி இல்லை. காரையைச் சுரண்டியதுதான் வலி. எலும்பில் உளி ஓடுகிற சத்தம் தலைக்குள்ளேயே கேட்கும். திரும்பத் திரும்பச் சேலம் போய்வந்தோம். சுரண்டி முடித்தபின் மிச்சப் பற்கள் நீளமாகத் தெரிந்தன, நடுவில் சந்து விழுந்தது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போனது. இருந்ததையும் கெடுத்துவிட்டாரோ என்று பயந்தேன். வீக்கம் வடிந்ததால் அப்படித் தெரிகிறது என்றார் டாக்டர். உங்களுக்கும் அந்தப் பயம் வரும். வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

புகையிலையை விட்டேன். அதை விட்டதுபோல் வேறெதற்கும் நான் கஷ்டப்பட்டதில்லை. காலையும் இரவும் மெல்லிய பிரஷ்ஷால் ஈறோரத்தைத் துலக்கி, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கிறேன். ரத்தம் கண்ட இடத்தை இப்போது விட்டுவிடுவதில்லை. அங்கேதான் கூடுதலாக நிற்கிறேன். நாற்றம் போய்விட்டது. நோய் போகவில்லை. அது போகாது, கட்டிவைக்கத்தான் முடியும், கயிறு தளர்ந்தால் அவிழ்த்துக்கொள்ளும் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

திரும்பவும் சந்தைக்குப் போனபோது, "நாலு பல் போட்டா காளைக்கு வெல ஏறுமுங்க. நாலு பல் போன தரகருக்கு?" என்று ஒரு சகா கேலி செய்தார். நானும் சிரித்தேன், வாயைப் பொத்தத் துண்டை எடுக்காமல். எருதின் வாயை முன்போல் வெடுக்கென்று இப்போது திறக்க முடிவதில்லை. பல் ஆடுகிற கிழ எருது வந்தால் வயதை உரக்கச் சொல்லாமல் அதன் வாயை மூடி விடுகிறேன். எருதுக்கு முளைத்த பல்லை வைத்து வயது சொல்கிறோம். நான் மிஞ்சிய பல்லை வைத்து நாளை எண்ணுகிறேன்.

பாவாயி இப்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வதில்லை. காலையில் வெளிச்சம் வந்ததும் என்னை வாசலில் உட்காரவைத்து, உதட்டை இறக்கி, ஈறு சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறாள்.

"சொல்லு, எந்தச் சந்தைக்கு ஓட்டலாம்?" என்று நான் கேட்பேன்.

"இன்னும் ஏரு கட்டலாமுங்க" என்பாள்.

சென்ற வாரம் மேல் கடைவாயில் ஒரு பல் அசைவதை நாக்கு கண்டுபிடித்தது. நான் அவளிடம் சொல்லவில்லை. இன்று காலை அவள் விரல் வரிசையாகப் போய், அந்தப் பல்லின் மேல் நின்றது. மெல்ல ஒருமுறை அழுத்தியது. சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தே, வாய் திறக்காமல் விலை பேசிப் பழகியவன் நான்; விரல் சொல்வது எனக்குப் புரியும். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. வழக்கமான கேள்வியை நான் கேட்கவில்லை.

கேட்காமலேயே அவள் சொன்னாள்: "இன்னும் ஏரு கட்டலாமுங்க."