ஒற்றைக் கண் மீன் ஊரும் கேடயக்கார அய்லாவும்

கனடாவின் தண்டர் பே நகரில் எங்கள் பணிமனையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்களில் அய்லா ரவுட்டியோவை அடையாளம் சொல்வது சுலபம். உச்சந்தலையில் முடி வாய்க்கால்போலப் பள்ளமாகப் படிந்திருக்கும். வருஷக்கணக்காக ஹெட்செட் மாட்டி மாட்டி விழுந்த பள்ளம். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். ஆறடிக்குக் குறையாத உயரமான பெண்மணி. வண்டியைச் சூடேற்றும் நேரத்தில் இளஞ்சிவப்பு ஐசிங் பூசிய பெர்ஷியன் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு, "குளிரு" என்பார். "ஆமா" என்போம். அன்றைய பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஐந்து வருஷம் கூட வேலை பார்த்தும் எனக்கு அவரைத் தெரியாது. ஒரு ஜனவரியில் பனிக்கட்டியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தபோதுதான் தெரிந்தது. ஒரு நாள் கதவைத் தட்டிவிட்டு, அட்டைப்பெட்டி நிறைய ஒயரும் கம்ப்யூட்டருமாக உள்ளே வந்தார்.

"சும்மா மோட்டுவளையப் பாத்துக்கிட்டுக் கெடந்தா பைத்தியம் புடிச்சிரும். இதக் காதுல மாட்டு" என்றார்.

மாட்டினேன். மறுகணம், "எல்லாரும் என் பின்னால நில்லுங்க! எவனாச்சும் எனக்கு முன்னால ஒரு அடி வச்சீங்க, டிராகன்கிட்ட நானே புடிச்சுக் குடுத்துருவேன்!" என்று ஒரு குரல் இடி மாதிரி விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். நாலு வார்த்தை அய்லாதான், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முழங்கிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து நானும் அவர் படையில் ஒரு ஆள். எங்கள் படையில் பத்துப் பேர். சனிக்கிழமை மதியமானால் ஆளுக்கொரு ஊரிலிருந்து இணைய விளையாட்டுக்குள் கூடி, கோட்டை கோட்டையாக ஏறி டிராகன்களோடு மோதுவோம். அய்லா கேடயம் பிடிப்பவர். எந்த அடி விழுந்தாலும் முதலில் அவர்மேல்தான் விழும். அந்த அடியை ஆற்ற ஒரு வைத்தியர் பின்னால் நிற்பார். விளையாட்டில் அவர் பெயர் கிழநரி. நிஜப் பெயரை எத்தனை தரம் கேட்டாலும் சொல்லமாட்டார். "பேரச் சொன்னா கிறிஸ்மஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவீங்க. அப்புறம் நானும் அனுப்பணும். யாரால ஆவும்?" என்பார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சஸ்காட்செவன் மாகாணத்தில் எங்கோ ஒரு சின்ன ஊர் என்பது வரைக்கும்தான் தெரியும்.

அவருக்கும் அய்லாவுக்கும் நாயும் பூனையும்தான்.

"யோவ் பெரிசு, செத்துக்கிட்டிருக்கேன், மருந்தப் போடுய்யா!"

"போடுறேன் தாயே. வரிசைல வா. எனக்கு நீ ஒருத்திதான் நோயாளியா?"

"முன்னால நின்னு அடி வாங்குறது நான் ஒருத்திதான்யா!"

அய்லாவின் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் ஃபின்லாந்து வம்சாவளி. மற்ற ஃபின்லாந்து வழி வீடுகளில் காபிக் கோப்பைகள் அடுக்கியிருக்கும் அலமாரியில் இவர் வீட்டில் கீபோர்டுகள் இருக்கும். பழையது, உடைந்தது எது கிடைத்தாலும் வாங்கிப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டுவார். கழித்துப்போட்ட பேருந்தின் பிரேக் மிதியைக் கம்ப்யூட்டரோடு இணைத்து வைத்திருந்தார். அதை மிதித்தால் விளையாட்டில் கேடயம் உயரும். "ஆபத்துன்னா எனக்குக் கையவிடக் காலுதான் முந்துது" என்பார்.

கிழநரிக்கு இந்த சாமான் பைத்தியம் கிடையாது. அவரிடம் இருந்தது மட்டமான ஒரு மைக். எந்நேரமும் திறந்தே கிடக்கும். அவர் வீட்டுக் கெட்டில் கூவுவது, டீசல் என்ற அவருடைய நாய் சொறிந்துகொள்வது, சரக்கு ரயில் போவது எல்லாம் எங்கள் காதில் விழும். நல்ல மைக் ஒன்று அனுப்புகிறேன் என்று அய்லா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். "என் நாய் பேசுறது புடிக்கலன்னா நீ காதப் பொத்திக்க" என்று பதில் வந்தது.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை. வெளியே கண் தெரியாத பனிப்புயல். ஆறாவது கோட்டையின் வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கிழநரி சாப்பிடாமலே விளையாட உட்கார்ந்துவிட்டதாக ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். நடுவில் அவருடைய மருந்து அய்லாவுக்கு வராமல் யார் யாருக்கோ போயிற்று. அய்லா இரண்டு தரம் விழுந்தார்.

"பெரிசு, தூங்கிட்டியா?"

"தாயே... அந்த... டிக்கெட்ட யாரு... கதவு..." என்று ஏதோ சொன்னார். நாக்கு குழறியது.

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். அய்லா சிரிக்கவில்லை. "எல்லாரும் ஆட்டத்த விடுங்க" என்றார். அந்த நொடியே நாற்காலி சரிகிற சத்தமும், தொப்பென்று ஒரு கனமான சத்தமும் கேட்டன. அப்புறம் டீசல் குரைக்கத் தொடங்கியது. நிறுத்தவே இல்லை.

எங்கள் படையில் கோராலி ஆர்சனோ என்று ஒரு பெண். கிழக்கே மாங்டன் நகரில் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். "அவருக்குச் சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கிறதா ஒரு தடவ சொல்லிருக்காரு. சாப்பிடாம ஊசி போட்டிருந்தா சர்க்கரை எறங்கியிருக்கும். சீக்கிரம் ஆள் போகணும்" என்றாள்.

எங்கே போவது? பேரும் தெரியாது, ஊரும் தெரியாது.

அய்லா எங்களை வேலை வாங்கின விதம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. டிராகன் முன்னால் நிற்கும்போது எப்படிப் பேசுவாரோ அதே குரல்.

"அவரு உளறுனது எல்லாத்தையும் யோசிங்க. அந்த ஊருல என்ன இருக்கு?"

"ரயில் இருக்கு" என்றான் ஒருவன்.

"சஸ்காட்செவன் பூரா ரயில்தான். வேற?"

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. "மீனு சிலை! ஊர் முகப்புல பெரிய மீன் சிலை. ஆலங்கட்டி மழையில அதோட ஒரு கண்ணு உடஞ்சு போச்சுன்னு ஒரு நாள் பூரா பொலம்புனாரே!"

கோராலி தேடத் தொடங்கிவிட்டாள். அந்தப் பக்கம் மீன் சிலை வைத்த ஊர்கள் நாலைந்து உண்டாம். ஒற்றைக் கண்ணோடு நின்றது ஒன்றுதான். ஆஷ்பி லேக். அவள் அந்த மாகாணத்து அவசர உதவிக்குத் தகவல் சொன்னாள். வீடு எது என்று கேட்டார்கள். அது தெரியாது. தவிர, ஆம்புலன்ஸ் பனியில் வந்து சேர நேரமாகும் என்றார்கள்.

"அந்த ஊருல ஒரு சீனாக்காரர் ஓட்டல் வச்சிருக்காரு. முட்டை ரோல் இவருக்கு உசிரு. சனிக்கிழம தொறந்திருக்கும். நீ அவருக்கு ஃபோன் அடி" என்று அய்லா என்னிடம் சொன்னார்.

நம்பரைத் தேடி அடித்தேன். வில்பர்ட் லாம் என்ற ஓட்டல்காரர் எடுத்தார். பின்னால் எண்ணெய் பொரிகிற சத்தம்.

"ஐயா, உங்க ஊருல ஒரு ரயில்வேக்காரர். வயசானவர். டீசல்னு நாய் வச்சிருக்காரு. ஓயாமப் பேசுவாரு. பேரு தெரியல."

"ஓயாமப் பேசுவானா? லாயிட் டன்ஃபீல்டுதான். ஏன், பாக்கி வச்சிட்டானா?"

"வீட்டுல மயங்கி விழுந்துட்டாருங்க. சர்க்கரை."

அடுப்பை அணைக்கிற சத்தமும் கதவு அறைகிற சத்தமும்தான் கேட்டன.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது அய்லா ஹெட்செட்டில் பேசிக்கொண்டே இருந்தார். எங்களிடம் அல்ல, தரையில் கிடந்த அந்த மனிதரிடம். பணிமனையில் நாலு வார்த்தை தாண்டாதவர் என்னென்னவோ சொன்னார். தன் வழித்தடத்தில் எந்தத் திருப்பத்தில் பனி குவியும் என்று சொன்னார். சானா என்கிற நீராவிக் குளியல் அறைக்கு வைத்திருந்த விறகு ஈரமாகிவிட்டதைச் சொன்னார். மூன்றாவது இருக்கையில் உட்காரும் சிறுமியின் பல் பேருந்திலேயே விழுந்து, அதைத் தேடி எல்லாப் பிள்ளைகளும் தரையில் தவழ்ந்த கதையைச் சொன்னார். "பெரிசு, கேக்குதா? தூங்காத. நாங்க இங்கதான் இருக்கோம்." குரல் ஒரு இடத்தில் உடைந்தது. இருமிவிட்டு, மறுபடி விறகைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

பிறகு அந்த மட்டமான மைக் வழியாகக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு குரல் மூச்சு வாங்க, "லாயிட்! டேய் லாயிட்!" என்றது. பூட்ஸ் சத்தங்கள். ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் இரண்டு பேரையும் லாம் கையோடு கூட்டி வந்திருந்தார். "மூச்சு இருக்கு. சர்க்கரை ஏத்துற ஊசிய எடு" என்றது இன்னொரு குரல். டீசல் குரைப்பதை நிறுத்திச் சிணுங்கியது. வெகுநேரம் கழித்து ஒரு முனகல்.

"டேய் வில்பர்ட்... பூட்ஸோட உள்ள வந்துட்டியா? இப்பத்தான்டா தரைய தொடச்சேன்."

அய்லா ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

அந்த வருஷம் செப்டம்பரில் வின்னிபெக்கில் விளையாட்டு ரசிகர்கள் கூடுகிற பெரிய மாநாடு. படையே போவதென்று முடிவாயிற்று. அய்லா கோடை முழுக்கக் கவசம் செய்தார். உடற்பயிற்சிப் பாயை வெட்டி வெப்பம் காட்டி வளைத்து, வெள்ளி வண்ணம் அடித்து, கேடயத்துக்குள் பேட்டரி விளக்குகள் பதித்தார். போட்டுக்கொண்டு நின்றால் கோட்டையே எழுந்து நிற்பது மாதிரி இருந்தது. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்ததும் ஓட்டல் லிஃப்டை விட்டு இறங்க மறுத்துவிட்டார்.

"கீழ ஆயிரம் பேரு இருக்கான். அத்தன பேரும் சின்னப் பசங்க. கெழவி வேஷம் கட்டிருக்கான்னு சிரிப்பானுங்க. நீ போ. நான் பாத்துக்கிறேன்."

"அக்கா, அங்க ஒருத்தன் மூணு தலையோட நிக்கிறான். உங்கள எவன் பாக்கப் போறான்?" என்றேன்.

லிஃப்ட் இரண்டு தரம் மேலேயும் கீழேயும் போய் வந்தது. மூன்றாம் தரம் கதவு திறந்தபோது வெளியே ஒரு ஒல்லியான, குட்டையான மனிதர் நின்றார். பழைய ரயில்வே கோட்டு. தலையில் காகிதத்தில் செய்த நரிக் காதுகள். அண்ணாந்து அய்லாவைப் பார்த்தார்.

"இம்புட்டு ஒசரம்னு யாரும் சொல்லலையே. உன் பின்னால நின்னா எனக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். மருந்தப் போட்டாப் போதும்" என்றார் அய்லா.

லாயிட் சிரிக்க முயன்றார், முடியவில்லை. கவசத்துக்கு மேலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "தரைல கெடக்கும்போது உன் குரலு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. என்ன சொல்றேன்னு பாதி புரியல. அந்தப் பொண்ணு பல்லு... அது கெடச்சுதா?"

"கெடச்சுது. வேற ஒரு பயலோட பூட்ஸுக்குள்ள இருந்துச்சு."

அப்புறம் லிஃப்ட் கதவு அவர்கள் இருவரையும் மாறி மாறி இடித்துக்கொண்டிருந்ததால் அய்லா வெளியே வந்தே ஆக வேண்டியதாயிற்று. யாரும் சிரிக்கவில்லை. கேடயத்தோடு படம் எடுத்துக்கொள்ள ஒரு வரிசை நின்றது. லாயிட் அந்த வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு, நிற்கிற ஒவ்வொருவரிடமும் தான் செத்துப் பிழைத்த கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லப் புயல் பெரிதாகிக்கொண்டே போனது.

மாநாடு முடிந்ததும் நான் தண்டர் பேய்க்குக் கிளம்பினேன். அய்லா எதிர்த்திசையில் வண்டியைத் திருப்பினார். லாயிட் யாரோ ஒருவரின் தானிய லாரியில் ஏறி வந்திருக்கிறார், திரும்பிப் போக வழி இல்லை என்று காரணம் சொன்னார். ஆஷ்பி லேக்கில் அய்லா நாலு நாள் தங்கினார். ஓட்டலில் லாம் காசு வாங்க மறுத்தாராம். ஊர்க்காரர்கள் கவசத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார்களாம். அய்லாவும் அந்தக் கவசத்தோடே முட்டை ரோல் சாப்பிட்டிருக்கிறார். தபால் நிலையத்து அம்மா ஒருவர், "இந்த ஆட்டத்த எங்கள மாதிரி ஆளுங்களும் ஆடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அதன் பலனை இப்போது நாங்கள் அனுபவிக்கிறோம். ஆஷ்பி லேக்கிலிருந்து நாலு பேர் படையில் சேர்ந்திருக்கிறார்கள். நாலு பேருக்கும் இடம் வலம் தெரியாது. தபால் நிலையத்து அம்மா டிராகனைக் கண்டால் எங்களைத்தான் சுடுகிறார். லாம் சண்டை நடுவே, "ஆர்டர் வந்திருச்சு" என்று வில்லைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். போன சனிக்கிழமை ஆறாவது கோட்டை வாசலில் எல்லாரும் செத்துக் கிடந்தோம்.

"என்னய்யா ஊரு உங்க ஊரு!" என்று அய்லா கத்தினார்.

"நீதானே வந்து கூட்டியாந்த! நானா கேட்டேன்?" என்றார் லாயிட்.

"சரி, சரி. எல்லாரும் எந்திரிங்க. என் பின்னால நில்லுங்க" என்றார் அய்லா. எழுந்து நின்றோம்.