பாதிப் பேரீச்சம்பழம்

எழுபதுகளில் திருத்தணியிலிருந்து தினமும் ரயிலேறி மெட்ராஸ் போய்ப் படித்தேன். பல்கலைக்கழக ஜெர்மன் வகுப்பில் என்னோடு எங்கள் ஊர் முஸ்லிம் இளைஞர் ஒருவரும் இருந்தார். ஒடிசலான உடம்பு, வெள்ளைத் தொப்பி. சிறுவயதில் குர்ஆன் ஓதிய பழக்கத்தில் ஜெர்மன் பாடத்தையும் முன்னும் பின்னும் அசைந்தபடி வாய்விட்டு ஓதியே மனப்பாடம் செய்வார். அந்த மொழியின் தொண்டைச் சத்தம் எனக்குக் காறித் துப்புவதுபோல் வரும். அவருக்கு மூச்சு விடுவதுபோல் வரும். ஆசிரியர் அவரைப் பாராட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

வாய்மொழித் தேர்வு ரம்ஜான் மாதத்தில் வந்தது. நோன்புப் பசியில் ஆள் திணறுவார் என்று உள்ளுக்குள் குதூகலித்தேன். திணறியது நான்தான்.

திரும்பும் ரயில் அரக்கோணத்தில் நின்றபோது பொழுது சாய்ந்தது. அவர் ஒரு பேரீச்சம்பழத்தைப் பிட்டு, பாதியை முதலில் என்னிடம் நீட்டினார்.

"எனக்கு நோன்பு இல்லீங்களே" என்றேன்.

"ஆங், தெரியுங்க. பரீட்சை பயத்துல நீங்களும் காலைலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. பாத்துகினுதான் இருந்தேன்."

வாங்கித் தின்றேன். பழம் இனித்தது. வயிற்றெரிச்சல்தான் அடங்கவில்லை. அத்தனை பசியிலும் என் பசி அவர் கண்ணில் பட்டிருக்கிறதே என்று, அது இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது.