அம்மாகிட்டேருந்துதான் வரும்

பயோடெக்னாலஜி படிக்கிறவள் என்ற திமிர் எனக்கு அன்று நிறையவே இருந்தது. அக்கா மகனுக்கு ஒன்றரை வயது, ஓயாமல் நிமோனியா. ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மரக்காணத்தில் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்கா கணவரான மாமாவும் அவர் அம்மாவும் உப்பளத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள்.

“கிருமி வந்துடுச்சுன்னு ரத்த அணுவுக்குள்ள சேதி கடத்துற ஜீன்ல பழுது, அத்தை. மடை அடைச்சுக்கிட்டா கடைசிப் பாத்தியில உப்பு விளையுமா? அதுமாதிரி அந்த அணு முத்தாது, எதிர்ப்பு சக்தியும் வராது.”

அத்தைக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. “எங்க பக்கம் யாருக்கும் இல்லியேம்மா. எங்கேருந்து வந்துச்சு?”

பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாதிரி சொன்னேன்: “அம்மாகிட்டேருந்துதான் வரும். பொண்ணுங்க சும்மா சுமப்பாங்க, பையனைத்தான் தாக்கும்.”

“வாய மூடுடி” என்றாள் அக்கா, மெதுவாக. அதற்குள் மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

இப்போது அக்காவும் குழந்தையும் எங்கள் வீட்டில். மாதாமாதம் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற நான்தான் கூடப் போகிறேன். மாமா போன்கூடச் செய்வதில்லை.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அக்காவுக்கு எங்கள் அம்மாவிடமிருந்து வந்திருந்தால், பழுதான அதே ஜீன் என்னிடமும் இருக்கலாம். இதை மட்டும் நான் யாருக்கும் விளக்கிச் சொல்லவில்லை.