பலூன் கடைக்கு வீட்டிலேயே குண்டு

பலூன் சுடுகிற கடையில் காசு கொடுத்து, பத்துக் குண்டும் தீர்ந்து, ஒரு பலூன்கூட உடையாமல் வீட்டம்மா முன்னால் திருதிருவென்று முழித்திருக்கிறீர்களா? போன பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் அப்படி நடந்திருந்தால் உங்கள் கண்ணைச் சந்தேகப்படாதீர்கள். குண்டு என்னுடைய தயாரிப்பு.

கிரிவலப் பாதையில் பலூன் போர்டும் ரெண்டு ஏர் கன்னும் வைத்துக் கடை போடுவது நானும் அக்காவும். நான் மெக்கானிக்கல், அவள் பி.காம். கடையில் வாங்கும் டப்பா குண்டு விலை ஏறிக்கொண்டே போக, அக்கா ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"வர்ற பௌர்ணமிக்கும் கையில ஒண்ணும் நிக்கலன்னா துப்பாக்கிய வித்துட்டு கரும்பு ஜூஸ் மெஷின் எடுக்கறேன். நீ ஒக்காந்து கரும்பு சீவு."

நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தது கரும்பு சீவவா? போர்டுக்குப் பின்னால் தொங்குகிற சாக்குக்கு அடியில், சுட்ட குண்டெல்லாம் நசுங்கிக் கிடக்கும். எல்லாம் ஈயம். உருக்கி வார்த்தால் மறுபடி குண்டு! யூடியூபில் எவனோ வெள்ளைக்காரன் செய்கிறான், எனக்கு என்ன கேடு?

வேங்கிக்காலில் லேத் பட்டறை வைத்திருக்கும் கிளாஸ்மேட் ஓர் அச்சு கடைந்து கொடுத்தான். தோட்டத்தில் அடுப்பு மூட்டினேன். உருக்குவதற்கு சமையலறையிலிருந்து தாளிப்புக் கரண்டியைக் கிளப்பினேன். அங்கேதான் அம்மாவிடம் மாட்டினேன்.

"டேய் எரும, இதுலயா ஈயத்த காய்ச்சின? இனிமே இதுல கடுகு போட்டா குடும்பத்தோட ஆஸ்பத்திரிதான்!"

"புதுசு வாங்கித் தரேம்மா."

"காசு மிச்சம் புடிக்கிற மூஞ்சியப் பாரு."

முதல் ஈடு ஓட்டை ஓட்டையாக வந்தது. அடுத்தது துப்பாக்கிக் குழாயிலேயே சிக்கிக்கொண்டது. அதற்கடுத்தது வெளியே வந்தது, ஆனால் அது போகிற இடம் அதன் இஷ்டம். சுவரில் சாக்பீஸால் போட்ட வட்டத்தைக் குறிபார்த்தால் மூலையில் இருந்த பிளாஸ்டிக் வாளியில் பட்டது. வேறு யாராவது இருந்தால் அங்கேயே விட்டிருப்பார்கள். நான் கணக்குப் போட்டேன். குறி தவறினால் பலூன் உடையாது. ஆக, குண்டும் மிச்சம், பலூனும் மிச்சம்! அக்காவிடம் சொன்னேன். ஒரு நிமிடம் யோசித்தாள்.

"அட, ஆமாண்டா!"

பி.காம்!

பௌர்ணமி சாயங்காலம் கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு வேன் கூட்டம் வந்து நின்றது. முறுக்கு மீசைக்காரர் ஒருவர், சம்சாரத்தைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, எல்லைக்குப் போகிற மாதிரி துப்பாக்கியை எடுத்தார். பத்துக் குண்டும் போயிற்று. சாக்கில் தொப், தொப் என்றதுதான் மிச்சம்.

"இன்னா தம்பி, துப்பாக்கி கோணலா?"

"இல்லீங்க, காத்து ஜாஸ்தி."

அவர் சம்சாரம் விடவில்லை. "காத்தா? ஒரு எல ஆடல. வாங்க போலாம், வூட்ல வந்து கொசு அடிங்க."

கூட்டமே சிரித்தது. சிரித்துக்கொண்டே மொத்தமாக நடையைக் கட்டியது. அடுத்து வந்தவர்களும் அப்படியே. கொஞ்ச நேரத்தில் எதிரே பஜ்ஜி போடுகிற அண்ணன் குரல் கொடுத்தார்.

"இன்னாப்பா, இன்னிக்கு கட இருக்குதா இல்லியா? சத்தமே காணோம்?"

அப்போதுதான் உறைத்தது. எங்களிடம் மைக் கிடையாது, நாங்கள் கூவிக் கூப்பிடுவதும் கிடையாது. ரோட்டில் நடந்து போகிறவர்களைத் திரும்பிப் பார்க்க வைப்பதே அந்த 'டப்'தான். ஒருத்தர் உடைத்தால் பக்கத்தில் நிற்பவருக்குக் கை அரிக்கும். நான் பலூனைக் காப்பாற்றி ஆட்களை விரட்டியிருந்தேன்.

அக்கா துப்பாக்கியைக் கையில் எடுத்தாள். கடையில் வாங்கியதில் மிச்சமிருந்த ஒரே டப்பாவைத் திறந்தாள், குண்டைப் போட்டாள், எங்கள் பலூனையே ஒரு வரிசை முழுக்க உடைத்தாள். டப், டப், டப். ரோட்டில் தலைகள் திரும்பின. ஒருவர் பர்ஸை எடுத்தார். அந்த டப்பா தீரும்வரை நல்ல கூட்டம். அதற்குமேல் சுடக் குண்டு இல்லை, வசூல் செலவுக்கே கட்டவில்லை.

"அப்போ கரும்பு ஜூஸாக்கா?"

"இன்னும் ஒரே ஒரு பௌர்ணமி பாக்கறேன். மறுபடி உன் குண்ட தூக்கினு வந்த, பலூனுக்குப் பதிலா உன்னையே போர்டுல கட்டிடுவேன்."

இன்றைக்குத்தான் அந்தப் பௌர்ணமி; துப்பாக்கியில் இருப்பது கடையில் வாங்கிய குண்டு. இப்போது கடைக்கு முன்னால் சுடுவதற்கு மூன்று பேர் நிற்கிறார்கள்.