இருமாதவர்கள் மட்டும்

எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் எனக்கு இருபது வருஷம் ஆகப்போகிறது. சீழ், ரத்தம், வாந்தி எதைப் பார்த்தும் எனக்குக் குமட்டியதில்லை. குமட்டியது ஒரு ஆராய்ச்சியைப் பார்த்துத்தான்.

நான் இருக்கும் திருப்பூர் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சி நிதி வந்தது. நெஞ்சு எக்ஸ்ரேயை கம்ப்யூட்டரே படித்து, சந்தேகமான இடத்தில் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுமாம். பஞ்சுத் தூசிக்குள் கிடக்கும் பனியன் கம்பெனித் தொழிலாளர்களிடம் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும், நோய் முற்றுவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்று விண்ணப்பத்தில் உருக்கமாக எழுதியிருந்தார்கள். ஒரு வேன் வந்தது; அதற்குள் ஒரு மிஷின்; மிஷினுக்கு நான். பொய் சொல்வானேன், முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமையை அளந்தது என் பக்கத்து வீட்டுக்காரியிடம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், நல்லூரில் ஒற்றை அறையில் ஆறு வயது மகளோடு இருந்தாள். கம்பெனியில் ரைசிங் மிஷினில் வேலை. குளிர்காலத் துணியின் உள்பக்கத்தை முள் உருளை பிறாண்டிப் பிறாண்டி மெத்தென்று ஆக்குகிற மிஷின் அது. அவள் வீடு திரும்பும்போது புருவமெல்லாம் வெளுத்திருக்கும். இரண்டு மாதமாக அவள் இருமல் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வாடி என்றால், "லீவு போட்டா மிஷின வேற ஆளுக்குக் குடுத்துருவாவக்கா" என்பாள்.

"உன் கம்பெனிக்கே வேன் வருது. எடுக்கப் போறதும் நான்தான்" என்றேன்.

"அப்போ அன்னைக்கே பாத்துக்கிடுதேன்க்கா" என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. வேன் வரும்வரை இன்னும் ஒரு மாதம் இருமிக்கொண்டே காத்திருந்தாள். நான்தான் காத்திருக்கச் சொன்னேன்.

எங்கள் ஊரில் வெளியாள் யாராவது பைலும் கையுமாக கம்பெனிக்குள் நுழைந்தால் அது ஆடிட்தான். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்காகச் சோதனை போட வருகிறவர்கள் என்று அர்த்தம். அதற்கு முந்தின நாள் மாடிப்படியில் அடைத்துக் கிடக்கும் பெட்டிகள் காணாமல் போகும், புது மாஸ்க் வரும், கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று லைனில் நிறுத்திச் சொல்லிக்கொடுப்பார்கள். இதைத் தப்பென்று யாரும் நினைப்பதில்லை. விருந்தாளி வருமுன் வீடு கூட்டுகிற மாதிரிதான். இருபது வருஷமாக இந்த ஊரில் சோறு தின்கிற எனக்கே, "இது ஆடிட் இல்லீங்க" என்று முன்கூட்டிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை பாருங்கள்.

வேனுக்குள் முதலில் ஏறிய பெண்ணை நிறுத்தி, "மூச்சை நல்லா இழுத்துப் பிடி கண்ணு" என்றேன்.

"எங்களுக்கு தினமும் மாஸ்க் குடுக்கறாங்க மேடம்" என்றாள் அவள்.

சிரித்துவிட்டேன். அடுத்தவள் பெயரைக் கேட்டதற்கு, கட்டாய ஓவர்டைம் எல்லாம் கிடையாது என்றாள். அப்போதுதான் ஆடிட்டுக்குப் படித்த பாடத்தை ஒப்பிக்கிறார்கள் என்று உறைத்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். அத்தனை நீள வரிசையில் ஒரு இருமல் இல்லை. என் பக்கத்து வீட்டுக்காரியும் இல்லை.

கம்பெனி மேனேஜரைக் கூப்பிட்டு ரைசிங்கில் இருப்பவர்கள் எங்கே என்றேன். மனிதர் முகமெல்லாம் பல்.

"இருமறவங்க எல்லாத்தையும் இன்னைக்கு லீவுல அனுப்பிட்டனுங்க. சம்பளத்தோடதானுங்க. உங்க ரிப்போர்ட்டுல ஒரு கறை இருக்கக் கூடாதில்லீங்களா?"

அவர் எனக்கு உதவி செய்திருக்கிறாராம். அவரை என்னவென்று திட்டுவது? வேறு கம்பெனிகளிலும் இதே கூத்துதான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் மகளுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "சம்பளத்தோட லீவு குடுத்தாவக்கா" என்று சந்தோஷமாகச் சொன்னாள். மறுபடி வேன் வரும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

மறுநாளே ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஷின் சரியா படிக்குதான்னு பாக்கத்தானுங்க நமக்கு நிதி. யாரை அனுப்பறாங்கன்னு பாக்க இல்லீங்களே."

"நோயாளியே இல்லாம என்னத்தைங்க சார் படிக்கும்?"

"கம்பெனிக்காரங்க ஒத்துழைப்பு நமக்கு வேணுமுங்க. நீங்க படம் எடுங்க, போதும்."

எடுத்தேன். வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான், விடவில்லை. அறிக்கை வந்தது. தொழிலாளர்களின் நுரையீரல்கள் பெரும்பாலும் நலமாக இருக்கின்றன, மென்பொருள் அதைத் துல்லியமாகச் சொல்லிவிட்டது. ஓட்டலில் விழா. நிதி கொடுத்தவர்கள் கைதட்டி, இரண்டாம் கட்டத்துக்கும் தருவதாக மேடையிலேயே அறிவித்தார்கள். தட்டில் வறுத்த முந்திரி இருந்தது. த்தூ, அதை நானும் தின்றேன்.

நாலு மாதம் கழித்து அவளாகவே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வரவில்லை, தூக்கி வந்தார்கள். இருமலில் ரத்தம். என் மிஷின் முன்னால் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மென்பொருள் ஒரு நொடியில் வட்டம் போட்டது. வலது நுரையீரலில் மேல் பாதி போயிருந்தது. காசநோய். மருந்தில் நோய் போகும், போன நுரையீரல் வராது என்றார் அதே ஆராய்ச்சி டாக்டர். கூடவே படுத்துத் தூங்கிய மகளையும் நிறுத்தி எடுக்கச் சொன்னார். ஸ்டூல் போட்டு நிறுத்தினேன். அந்தச் சின்ன நெஞ்சிலும் ஒரு வட்டம் விழுந்தது.

"அக்கா, வேன் வந்தன்னைக்கே எடுத்திருந்தா பாப்பாவுக்கு வந்திருக்காதுல்லா?" என்று கேட்டாள்.

"அப்படியெல்லாம் சொல்ல முடியாதுடி" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

டாக்டர் இரண்டு படங்களையும் திரையில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். அவர் குரலில் இருந்த குஷியை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"அருமையான படமுங்க. ரெண்டாம் கட்டத்துல சேத்துக்கலாம். அதுவும் குழந்தைங்க படம் நம்மகிட்ட இல்லவே இல்லீங்க. சம்மதக் கையெழுத்து வாங்கிடுங்க."

படிவத்தைக் கொண்டுபோய் வைத்தேன். அவள் படிக்கவில்லை. "நாலு பேருக்கு உபயோகப்படும்னா எடுத்துக்கிடுங்கக்கா" என்று தனக்கொன்று, மகளுக்கொன்று போட்டாள். இரண்டாவது கையெழுத்துப் போடும்போது தாள் நழுவியது. நான் தாளை நகராமல் பிடித்துக்கொண்டேன்.